கோத்து வைக்கவும்

இராஜமாணிக்கம் சாருக்கு மஞ்சள் காமாலை வந்து இருபது நாள் படுத்தபோதுதான், எங்கள் வாசகசாலைக்கு மூளை ஒன்றே ஒன்று, அதுவும் அவர் தலைக்குள் இருக்கிறது என்பது ஆரணி ஊருக்கே தெரிந்தது. எழுபத்தெட்டாம் வருஷம் அது. பட்டு நூல் கடைக்கு மேல் மாடியில் வாசகசாலை. அவர் நூலகர். நான், ஆரோக்கியசெல்வி, தற்காலிக உதவியாளர். இரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள், எது எங்கே இருக்கிறது என்று எந்தக் காகிதத்திலும் கிடையாது. கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது பீரோ, கீழ்த்தட்டு, சிவப்பு முதுகு" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும்.

அவர் படுத்த இருபது நாளும் நான் பட்டது நாய் படாத பாடு. ஜாதகப் புத்தகம் கேட்ட லோகநாதனுக்கு மாட்டு வைத்தியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த மனுஷன் ஒரு வாரம் வைத்துப் படித்துவிட்டு வந்து, "நல்லாத்தான் கீதும்மா, ஆனா என் ராசி மட்டும் வரவே இல்ல" என்றார். எனக்கு வந்ததே கோபம். அவர் மேல் இல்லை. எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு தலையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்ட எங்கள் சார் மேல்.

அதனால் மறு வருஷம் வேலூரிலிருந்து அட்டை போடச் சொல்லி உத்தரவு வந்ததும் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். எங்களுடையது தொண்டைநாடு வாசகசாலைச் சங்கம். சுற்றுவட்டாரத்தில் ஒன்பது வாசகசாலைகள், தலைமை வேலூரில். சங்கத்தை நவீனமாக்கப் போகிறோம் என்று தங்கவேலு என்ற மேற்பார்வையாளரை மெட்ராசுக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் திரும்பி வந்த கையோடு சுற்றறிக்கை அனுப்பினார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை. அதில் எண், பெயர், ஆசிரியர், எந்த பீரோ எந்தத் தட்டு என்ற விவரம். யார் வந்தாலும் அட்டையைப் பார்த்துத் தாமே புத்தகத்தைத் தேடிக்கொள்ளலாம்.

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அட்டை எதுக்கும்மா?" என்றார் இராஜமாணிக்கம் சார்.

"போன வருஷம் குத்துக்கல்லு இருபது நாள் லீவுல போச்சே சார், அதுக்குத்தான்" என்றேன். என் வாய் அப்படி.

சுற்றறிக்கையோடு இன்னொரு தாளும் வந்தது. 'பணியாளர் பண்புப் பட்டியல்' என்று தலைப்பு. மாறுகிற காலத்தில் அறிவுப் பணி செய்கிறவர்களுக்கு இருக்க வேண்டிய பண்புகள் பத்தாம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். ஆய்வுக்கு வரும்போது மேற்பார்வையாளர் போடுவார். தற்காலிகப் பணியாளர் அறுபது வாங்கினால் நிரந்தரம். குறைந்தால் 'விடுவிக்கப்படுவார்'.

அந்த வார்த்தையைப் பாருங்கள், ஏதோ ஜெயிலிலிருந்து அனுப்புகிற மாதிரி! எனக்கு ஜெயிலே வீட்டில்தான் இருந்தது. என் மாமியார் அமலோற்பவம் கெட்டவர் இல்லை, ஆனால் வீட்டில் இரண்டு தறி, நாள் முழுக்கப் பட்டைத் தவிர வேறு பேச்சு கிடையாது. நான் வீட்டோடு இருந்தால் அடுத்த நிமிஷம் ராட்டினத்துக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார். கல்யாணமான புதிதில் நாலு வருஷம் இழை சுற்றியே எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது. வாசகசாலையில் ஆறு வருஷமாக வருகைப் பதிவேட்டில் என் பெயரைப் பென்சிலில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த வேலை எனக்கு வேண்டும். அவ்வளவுதான், அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

மூன்று மாதம் அட்டை எழுதினேன். மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது. கை வீங்கிப்போய் ஜெபமாலை பிடிக்க முடியவில்லை. எழுதி எண் வாரியாக அடுக்கி முடித்தபோது, வேலூரிலிருந்து கடைசிச் சுற்றறிக்கை வந்தது. ஒரே ஒரு வாக்கியம்: 'அட்டைகளை எண் வரிசையில் கோத்து, ஆய்வு நாளில் தயாராக வைக்கவும்.'

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆரணியில் 'அட்டை கோக்கிறது' என்று யாரிடம் சொன்னாலும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். ஜக்கார்டு தறியில் புடவைக்குப் பூ விழுவது ஓட்டை குத்திய அட்டைகளால். மயிலோ மாங்காயோ, எந்த ஓட்டை எங்கே என்பதில்தான் உருவம் இருக்கிறது. அந்த அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு ஓரமும் கயிறு கொடுத்து, ஒன்றோடு ஒன்று பிணைத்து நீளமாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். தறி ஓட ஓட அட்டை ஒவ்வொன்றாக மேலே ஏறிப்போகும். அதுதான் கோக்கிறது.

நான் பிறந்ததும் தறி வீடு, வாழ்க்கைப்பட்டதும் தறி வீடு. சுற்றறிக்கையைப் படித்தேன், மடித்து வைத்தேன், நேராகக் கமலத்தின் வீட்டுக்குப் போனேன்.

கமலம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. இருபது வருஷமாக அட்டை கோக்கிறவள். ஓர் அட்டை முன்பின்னாக மாறினால் மயிலுக்குக் கழுத்தில் கால் முளைத்துவிடும், புடவையே வீண். கமலத்தின் கையில் அப்படி ஒரு தடவைகூட ஆனதில்லை. அதனால்தான் ஊரில் பாதி வேலை அவளைத் தேடிக்கொண்டு வரும்.

"லைப்ரரிக்கா, இதுல இன்னா பூ விழும்?" என்று கேட்டாள், என் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. லைப்ரரி அக்காவைச் சுருக்கி என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பூவெல்லாம் விழாது. படிக்கறதுக்கு."

"கீழ நட்ட நடுவுல ஒரே ஒரு ஓட்டை இருக்குதே, அது எதுக்கு?"

அது எனக்கும் தெரியாது. வெற்று அட்டைகள் வேலூரிலிருந்து வரும்போதே அந்த ஓட்டையோடுதான் வந்தன. இராஜமாணிக்கம் சாரைக் கேட்டேன். "ஆணியில மாட்டறதுக்கா இருக்கும்" என்றார். கமலம் தன் குத்தூசியால் இரண்டு ஓரமும் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டாள். நாலே நாளில் கோத்து முடித்துவிட்டாள். இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. வாசகசாலை உத்திரத்தில் கொக்கி அடித்து, தறிக்குப் பக்கத்தில் தொங்குமே அதே மாதிரி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். வருகிறவர் போகிறவரெல்லாம் தொட்டுப் பார்த்து, "ஜோரா கீது" என்றார்கள். இராஜமாணிக்கம் சார்கூடக் கயிற்றின் முறுக்கு சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஒருத்தருக்காவது, ஒரே ஒருத்தருக்காவது, இது ஏன் என்று கேட்கத் தோன்ற வேண்டுமே!

ஆய்வு நாள் வந்தது. கமலமும் வந்தாள். வேலூர் அதிகாரி தன் வேலையைப் பார்க்கப் போகிறார் என்று நல்ல புடவை கட்டி, தலை நிறைய கதம்பம் வைத்துக்கொண்டு மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

தங்கவேலு படியேறி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. உத்திரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எதுக்குங்க இந்தத் தோரணம் எல்லாம்? நான் என்ன மந்திரியா?"

"தோரணம் இல்லைங்க சார். கேட்டலாக்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே கீழே தொங்கிய ஓர் அட்டையைப் பிடித்து இழுத்தார். அது வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. கொக்கி கழன்றது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது அட்டையும் சரசரவென்று இறங்கி அவர் முழங்கால் வரைக்கும் குவிந்தன. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அட்டைகளுக்கு நடுவே நின்றார். எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"இது யார் செஞ்ச வேலை?"

கமலம் எழுந்து நின்றாள். "நான்தாங்க" என்றாள், அவ்வளவு பெருமையாக.

அவர் அட்டைகளிலிருந்து காலை உருவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுக் கேட்டார்: "நடுவுல புதுசா ஒரு புத்தகம் வருது. அந்த அட்டையை எங்க சொருகுவீங்க?"

"நாலு முடிச்சு அவுத்தா ஆச்சுங்க" என்றாள் கமலம். "டிசைன் மாத்தறப்ப தினம் பண்றதுதான்." சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, ஒரு வெற்று அட்டையை எடுத்து, நடுவில் வைத்துக் கட்டியும் காட்டிவிட்டாள். தங்கவேலு தொண்டையைக் கனைத்தார்.

"சரி. ஒரே நேரத்துல ரெண்டு பேர் தேடணும்னா?"

கமலம் என்னைப் பார்த்தாள். நான் சாரைப் பார்த்தேன். சார் உத்திரத்தைப் பார்த்தார். பொய் சொல்வானேன், அது சரியான கேள்வி.

ஆனால் தோற்றுப்போன இடத்தில் எனக்கு வாய் நீளும். சுற்றறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நீங்க எழுதினதுதாங்க இது. கோத்து வைக்கவும்னு போட்டிருக்கீங்க. எங்க ஊர்ல கோக்கிறதுன்னா இதாங்க."

"கோக்கிறதுன்னா, டிராயர்ல அட்டையை நிறுத்தி வச்சு, கீழ இருக்கிற ஓட்டையில கம்பியை விடறது. அட்டையை யாரும் உருவிகினு போகாம இருக்கத்தான் கம்பி."

"கம்பின்னு எங்கங்க எழுதியிருக்குது?"

அவர் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "டிராயரும் கம்பியும் பின்னால லாரில வருது. இதெல்லாம் தெரிஞ்ச விஷயம்தானே."

"யாருக்குங்க தெரிஞ்ச விஷயம்?"

"இதோ பாருங்கம்மா, தெள்ளார் வாசகசாலைக்கும் இதே சுற்றறிக்கைதான் போச்சு. அவங்க இப்படிப் பண்ணல."

"அவங்க எப்படிப் பண்ணாங்க?"

"கோணிப்பையில போட்டு வச்சிருக்காங்க" என்றார் சற்று மெதுவாக. "ஆனா பிரிச்சு எடுக்கலாம்."

பண்புப் பட்டியலைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து மார்க் போட ஆரம்பித்தார். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் படிக்க ஆறு வருஷத்தில் நான் நன்றாகப் பழகியிருந்தேன். கையெழுத்துக்கு ஒன்பது. நேரம் தவறாமைக்கு ஒன்பது. கீழ்ப்படிதல் வந்ததும் பேனா நின்றது. அட்டைக் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறேன், வேறு வழியில்லை, பத்து போட்டார். மேலதிகாரியிடம் பேசும் முறைக்கு இரண்டு. சமயோசிதத்துக்கு முட்டை. பத்தாவது பண்பை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினார். ஐம்பத்து நாலு.

பத்தாவது, 'தவறை ஒப்புக்கொள்ளும் தன்மை'. அதற்கு நேராக நாலு கோடு போட்டிருந்தது. பணியாளரே கைப்பட எழுத வேண்டும்.

தங்கவேலு பட்டியலை என் பக்கம் திருப்பினார். கெட்ட மனுஷன் இல்லை, குரலில் உண்மையாகவே அக்கறை இருந்தது. "ஒரே வரி எழுதிக் குடுங்கம்மா. சுற்றறிக்கையைத் தவறாகப் புரிந்துகொண்டு, வெளியாளை வைத்து அட்டைகளைப் பாழாக்கிவிட்டேன். அவ்வளவுதான். முழுசா பத்து போடறேன். அறுபத்து நாலு ஆயிடும். உங்க வேலை நிரந்தரம்."

"ஜல்தி எழுதும்மா" என்று சார் காதோரம் கிசுகிசுத்தார். "இன்னா ரோசம் வேண்டிக்கிடக்குது?"

ரோசம் ஒன்றும் இல்லை. பேனாவை வாங்கிவிட்டேன். அறுபத்து நாலு என் கண் முன்னால் நின்றது. 'சுற்றறிக்கையை' என்று எழுதியும் விட்டேன்.

"லைப்ரரிக்கா."

கமலம் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "பாழாக்கிட்டன்னு சொல்றாரே. நான் தப்பாவா கோத்துட்டேன்?"

"அதில்ல கமலம்…"

"ஒண்ணொண்ணா நம்பர் பாத்துதான் கோத்தேன். எங்க மாறிப்போச்சுன்னு காட்ட சொல்லுக்கா. கமலம் கோத்தது தப்புன்னு எழுதிகினு வேலூருக்கு எடுத்துகினு போனா, நாளைக்கு எவன் என்கிட்ட அட்டை குடுப்பான்?" அழவில்லை. ஆனால் தலையில் வைத்திருந்த கதம்பத்தை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தாங்கவில்லை.

எனக்குச் சட்டென்று என் மேலேயே எரிச்சல் வந்தது. நான் கோக்கச் சொன்னேன், அவள் கோத்தாள். அந்த ஓட்டை எதுக்கு என்று கேட்டவளும் அவள் ஒருத்திதான். எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்று சாரைத் திட்டினேனே, சுற்றறிக்கை எழுதின தங்கவேலுவுக்கும் தலைக்குள் இருந்தது, படித்த எனக்கும் தலைக்குள் இருந்தது. இரண்டு பேரும் மற்றவர் தலைக்குள் இருப்பதைக் கேட்கவில்லை. அதற்கு இவள் பலியா?

எழுதிய வார்த்தையை அடித்தேன். நாலு கோட்டிலும் நெருக்கி எழுதினேன்:

'அட்டைகள் ஒன்றுகூட முன்பின் மாறாமல் சரியாகக் கோக்கப்பட்டுள்ளன. கோத்தவர் மேல் தவறு இல்லை. கோக்கச் சொன்னது தவறு. சொன்னது சுற்றறிக்கை. அதற்கு என்ன அர்த்தம் என்று வேலூருக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்காதது நான்.'

கையெழுத்தும் போட்டேன். சார் தலையில் கை வைத்துக்கொண்டார். தங்கவேலு இரண்டு தடவை படித்தார். மார்க் கட்டத்தில் ஒன்றும் போடவில்லை. பேனாவை மூடிப் பையில் செருகினார், பட்டியலை மடித்தார், "லாரி திங்கக்கிழமை வரும், அதுக்குள்ள அட்டையெல்லாம் தனித்தனியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். மாமியார் ஒன்றும் திட்டவில்லை, ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாளிலிருந்து நானும் கமலமும் உட்கார்ந்து பிரித்தோம். நான் கத்தரிக்கோல் எடுத்தேன். கமலம் பிடுங்கி வைத்துவிட்டாள். "கட்டினதை அவுக்கத் தெரியாதவங்கதான் வெட்டுவாங்க" என்று முடிச்சு முடிச்சாக அவிழ்த்தாள். கயிறு முழுசாக அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. திங்கட்கிழமை டிராயரும் கம்பியும் வந்தன. அட்டைகளை அடுக்கி, அந்த நடு ஓட்டைகளில் கம்பியை விட்டபோது கமலம், "அட, இதுக்குத்தானா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வாரமே பள்ளிக்கூட ஆயா தனகோடி வந்து, யாரையும் கேட்காமல் அட்டையைப் புரட்டி, தானே பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். சார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் தாமே தேடி எடுப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, இன்னும் எத்தனை நாள் பார்ப்போமோ என்றும் இருந்தது.

பதினோராம் நாள் தபால் வந்தது. சார் உறையைப் பிரிக்கப் பயந்து என்னிடமே கொடுத்துவிட்டார். உள்ளே பண்புப் பட்டியலின் நகல். கடைசிக் கட்டத்தில் ஆறு என்று போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'மீதி நான்கு சுற்றறிக்கை எழுதியவருக்கு. த.வே.' மொத்தம் அறுபது.

மாடிப்படியில் நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கமலத்தின் வீட்டு வாசலில் போய்த்தான் நின்றேன். மடி நிறைய அட்டையோடு உட்கார்ந்திருந்தாள், ஏதோ அன்னப்பட்சி டிசைன். மூச்சு வாங்க வாங்கப் படித்துக் காட்டினேன். அறுபதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"தப்பு யாருதுன்னு போட்டிருக்காரு?"

"பத்துல ஆறு என்னுது. நாலு அவருது."

விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தாள். "அப்ப எனக்கு?"

"பத்தும் தீந்துபோச்சு கமலம்" என்றேன். "உனக்கு மிச்சமே இல்ல."